திரையில் ஏறிய கோடு

முத்திருளன் வீட்டில் சர்க்கரை சோதித்தால், அளவு தானாகவே உசிலம்பட்டி கிளினிக்கின் கணினியில் ஏறிவிடும். மூன்று நாளாகத் திரையில் அந்த அளவுக் கோடு எகிறியிருந்தது.

“முந்நூத்தி நாப்பது! போன்ல அனுப்புற உணவுப் பாடமெல்லாம் பாக்குறதே இல்லையா? இனி இன்சுலின் ஊசிதான்” என்று கிளினிக்குக்கு வந்தவரிடம் சொன்னார் டாக்டர் காவ்யஸ்ரீ.

“ஐயோ, ஊசி வேணாம் டாக்டரம்மா! மெஷின்தான் கோளாறு.”

“மூணு நாளுமா?”

முத்திருளன் தலைகுனிந்தார். “மச்சினன் கல்யாணத்துல லட்டு தின்னுட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு பயந்து, எம் பொண்டாட்டி விரலக் குத்தி அனுப்பிட்டேன். அவளுக்குத்தான் சர்க்கரையே கெடையாதே!”

டாக்டர் சட்டென்று எழுந்து, வெளியே காத்திருந்த அவர் மனைவி சோலையம்மாளை அழைத்துச் சோதித்தார். அதே அளவு.

“நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுதே” என்று திரையில் அவள் பெயரைப் பதிந்தார்.

முத்திருளன் கண்கலங்கக் கைகூப்பினார். “இனி எம்புட்டு வேணாலும் திட்டுங்க டாக்டரம்மா!”