ஏகாம்பரத்தின் கட்டி

இதய வால்வு சுருங்கிவிட்டது என்று ஏகாம்பரத்துக்கு இரண்டு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். மயிலாப்பூர் கிளினிக்கில் எக்கோ எடுக்கும் சகினாதான், "இடது பக்கம் திரும்பிப் படுங்கண்ணே" என்றாள். திரும்பியதும் அவருக்கு மூச்சு முட்டியது. திரையில், இதயத்தின் மேலறையில், எலுமிச்சம்பழம் அளவுக் கட்டி ஒன்று காம்பில் தொங்கி ஊஞ்சலாடியது. ஒவ்வொரு துடிப்புக்கும் வந்து வால்வின் வாயை அடைத்தது. மறுநாளே ஆபரேஷன்.

மாணவர்களுக்குக் காட்டலாமென்று டாக்டர் அந்தக் கட்டியை ஒரு சீசாவில் போட்டு சகினாவின் அலமாரியில் வைத்தார். சீசாவுக்குள்ளும் அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு. ஏசியின் அதிர்வோ என்று டாக்டர் அதைக் குறைத்துப் பார்த்தார். சகினாவுக்குப் பழகிவிட்டது.

மூன்றாம் மாதம் ஏகாம்பரம் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்தார். எக்கோவில் அவருக்கும் எழுபத்திரண்டு.

"இன்னாம்மா, மறுபடி எதுனா கீதா?"

"உள்ள ஒண்ணுமே இல்லண்ணே. சுத்தமா இருக்கு."

"அப்போ பஸ்ஸு புடிக்க ஓடலாமா?"

"தாராளமா ஓடுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அலமாரியில் சீசாவும் குலுங்கியது.

அவர் போனபின் சகினா கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சீசாவில் கட்டி வேகம் பிடித்தது. தொண்ணூறு, நூறு, நூற்றிருபது. துடைப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்தபடி நின்றாள். பிறகு அது மெல்ல மெல்ல அடங்கி எழுபத்திரண்டுக்கு வந்து சேர்ந்தது.

பஸ் கிடைத்துவிட்டது. உட்கார இடமும் கிடைத்திருக்கும்.