பதறாத தங்கவேலு

நச்சு வாயுத் தாக்குதல் வந்தால் முதலில் பதறக் கூடாது என்று பேராதனைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால், கம்பளை வீட்டில் திடீரென்று நெடி ஏறித் தொண்டை எரிந்தபோது தங்கவேலு பதறவில்லை. படுக்கையறை ஜன்னல்களைச் சாத்தினார். ஈரத் துவாயைக் கதவடியில் திணித்தார். யாரோ கதவைத் தட்டினார்கள். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்பதும் பாடம்தான். திறக்கவில்லை.

"புஷ்பம், மூக்குல ஈரத்துணிய வச்சுக்க."

"வச்சிட்டேங்க. இருமல் நிக்க மாட்டேங்குது."

"பேசாத. மெதுவா மூச்சு விடு. பயப்படாத, நான் இருக்கேன்ல."

"இருக்கீங்கதான்."

பிறகு சத்தமே இல்லை.

"புஷ்பம்?"

தங்கவேலு துவாயைக் கதவடியில் இன்னும் இறுக்கித் திணித்தார்.

வெகுநேரம் கழித்து அவள் குரல் கேட்டது. "ஒன்னுமில்லங்க. பக்கத்து வீட்டு ஹிதாயா கல்யாணச் சமையலுக்குக் காஞ்ச மொளகா வறுக்குது. போய்ப் பாத்துட்டுதான் வாறேன்."

தங்கவேலு துவாயை இழுத்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினார்.

கதவுக்கு வெளியே, முந்தானையால் மூக்கை மூடியபடி புஷ்பராணி நின்றிருந்தாள். கதவைத் தட்டித் தட்டி அவள் விரல் முட்டிகள் சிவந்திருந்தன.

"உள்ள வா, புஷ்பம்."

"இப்ப எதுக்குங்க?" என்றாள். குனிந்து துவாயை எடுத்துக்கொண்டு காயப்போடப் போனாள்.