விட்டுப் பிடிக்கலாம்

"வயித்துல ரத்தக்குழாய் வீங்கியிருந்தா வயித்தைக் கிழிக்கணுமா டாக்டர்?" என்று ஆரம்பித்தார் துணிக்கடைக்காரர்.

"பெரும்பாலும் வேணாம். தொடை இடுக்குல ஓட்டை போட்டு, அது வழியா உள்ளே ஒரு குழாயைப் பொருத்திடுவோம்."

"எவ்வளவு பெரிய ஓட்டை? கூட்டிக் குறைக்காம சொல்லுங்க."

"விரல் நகம் அளவுதான்."

"நடுவுல முழிச்சுக்கிட்டா?"

"மயக்க மருந்து டாக்டர் பக்கத்துலயே இருப்பார். கவலையே வேணாம்."

"எப்ப எழுந்து நடக்கலாம்?"

"மறுநாளே."

டாக்டர் சிரித்தார். "நல்லாத்தான் துருவுறீங்க! இனியும் தள்ளிப்போடாதீங்க. நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க."

"எனக்கில்ல டாக்டர், என் வீட்டுக்காரிக்கு."

"அப்ப அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

"போன மாசம் கூட்டிட்டு வந்தேனே, உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இதையெல்லாம் கேக்க அவதான் வாயெடுத்தா. நான் கையை அழுத்தி அடக்கிட்டேன். ஆர்வத்தைக் காட்டினா விலை ஏறிடும்ங்கிறது எங்க வியாபாரப் புத்தி. வெளியே போனதும், 'ஒண்ணுமே தெரியாம எப்படிப் போய்ப் படுக்கிறது? பயமா இருக்கு, வேணாம்'னுட்டா. நானும் நாலு நாள் விட்டுப் பிடிக்கலாம்னு இருந்தேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "இப்ப எப்படி இருக்காங்க?"

"வெள்ளிக்கிழமை வெடிச்சிருச்சு. வண்டி வர்றதுக்குள்ள போயிட்டா."

துணிக்கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் பதில் சொல்ல உங்களுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகலையே டாக்டர்."