பத்துப் பிள்ளைக் குப்பி

பொருள்களும் வாய் திறந்து பேசிய ஒரு காலத்திலே, ஆப்பிரிக்காவில் ஆற்றைத் தாண்டியிருந்த ஒரு சுகாதார நிலையத்தில் ஐஸ் பெட்டி ஒன்று இருந்ததாம். அதற்குள் தட்டம்மைத் தடுப்பு மருந்துக் குப்பி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பத்துப் பிள்ளைகளுக்கான மருந்து அதில் இருந்தது. திறந்தால் அன்றைக்கே போட்டு முடித்துவிட வேண்டும்.

பக்கத்து ஊரில் அம்மை கண்டதென்று கேள்விப்பட்டு, தண்டிவே என்பவள் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள்.

"ஒரு பிள்ளைக்காகத் திறக்க முடியாதும்மா. பத்துப் பேர் சேரட்டும்," என்றாள் நர்ஸ்.

"மிச்ச ஒன்பதையும் நானே பெத்துக்கிட்டு வரவா?" என்று கேட்டுவிட்டுத் தண்டிவே திரும்பிப் போனாள்.

குப்பிக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு பிள்ளையாவது தப்பிச்சிருக்குமே அண்ணே."

"மத்த ஒன்பது பேர் பங்கை மண்ணுல கொட்டவா? சிக்கனம் வேணும் தம்பி," என்றது பெட்டி.

"உன் ஐஸ் கரையுதே?"

"ஆத்துல வெள்ளம் வடிஞ்சா புது ஐஸ் வரும்டா. பேசாம கிட."

வெள்ளம் வடியவேயில்லை. மூன்று வாரம் கழித்து, ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஒன்பது தாய்மாரோடு தண்டிவே வந்து நின்றாள். நர்ஸ் தயங்கித் தயங்கிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர்தான் இருந்தது. குப்பியின் லேபிளில், சூடு பட்டால் நிறம் மாறுகிற பொட்டு கறுத்துக் கிடந்தது.

"இது இனிமே ஆகாதும்மா."

தாய்மார் ஒவ்வொருத்தியாகப் போவதைக் குப்பி பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியாகத் தண்டிவே, இருமுகிற பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தாள்.