இன்னும் ஓர் ஆள்

மலையுச்சித் தங்கச் சுரங்க ஊரான ரின்கோனாடாவின் உறைந்த சேற்றுத் தெருவில், கீழேயுள்ள ஹூலியாக்கா நகருக்கு இறங்கும் சிற்றுந்து நிற்கிறது. உறங்கும் பெண்போல் படுத்திருக்கும் பனிமலையின் வெண்ணொளி கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. என் முன்னிருக்கையில் சுரங்கத் தொழிலாளி எவாரிஸ்டோ தன் மனைவி சபீனாவின் தோளில் சாய்ந்திருக்கிறான். இந்த உயரத்தின் மெலிந்த காற்றில் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, உடனே கீழே கொண்டுபோகாவிட்டால் பிழைக்கமாட்டான் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அவன் இருமும்போதெல்லாம் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். நெஞ்சுக்குள் நீர் குமிழியிடும் அந்த ஒலி அத்தனை அச்சம் தருகிறது. ஊதா நிறமாகிவிட்ட அவன் நகங்களைச் சபீனா போர்வைக்குள் மறைக்கிறாள்.

“வண்டியை எடுங்கண்ணே!” என்கிறாள்.

“இன்னும் ஒரு ஆள் ஏறட்டும்மா. நிறையாம எடுத்தா சங்கத்துல என்னை வரிசையை விட்டே தள்ளிடுவாங்க.” ஓட்டுநர் களைப்புத் தெரியாமலிருக்கக் கோக்கா இலையை மெல்கிறான்.

வெளியே சுரங்கத்திலிருந்து கொட்டிய கழிவுக் கற்குவியலில் பொன்துகள் தேடிக்கொண்டிருக்கும் யூலாலியா இதைக் கேட்டதும் சுத்தியலைப் போட்டுவிட்டு ஏறி அமர்கிறாள்.

“உனக்கு அங்க என்ன ஜோலி, கிழவி?”

“உனக்குப் பொண்ணு பார்க்கப் போறேன். எடுடா கழுதை!”

கதவு சாத்தப்படுகிறது. வண்டி முதல் வளைவில் இறங்குகிறது, பிறகு இரண்டாவதில். எவாரிஸ்டோ இருமவில்லை. அந்த இருமலுக்காக இப்போது நாங்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறோம்.