நிற்கிறவள் பாட்டு

"இந்தப் பாட்டைக் கேட்டியாம்மா? வந்து ஒரு வாரம்தான் ஆகுது. கேட்டதிலேருந்து வேற எதுவுமே காதுல ஏறல" என்றார் பல் டாக்டர்.

கிளினிக்குக்குத் திரைச்சீலை வாங்க வந்த அம்மா அவர். வாடிக்கையாளருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்திருந்தார். எதிரே விற்பனைப் பெண் எத்தனையாவதோ துணியை விரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் போனை மேஜைமேல் வைத்துப் பாட்டை ஓடவிட்டார். நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்களைப் பற்றிய பாட்டு. மெட்டு என்னவோ ஆட்டம் போட வைக்கிற மெட்டுதான். வரிகள்தான் சுருக்கென்று தைத்தன.

"நின்னவ நின்னபடி, நீ மட்டும் சாஞ்சபடி..."

"என்ன ஒரு வரி பாத்தியா?" என்று டாக்டர் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாராம். பல் பிடுங்க வருகிறவர்களுக்கும் இதைத்தான் போட்டுக் காட்டுகிறாராம். வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர்கள் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்கள்?

விற்பனைப் பெண்ணுக்கும் பாட்டு பிடித்துப்போயிற்று. காலையில் கடை திறந்ததிலிருந்து நிற்கிறாள். கால் வீங்கி, செருப்பு வார் அழுத்துகிறது. வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். உட்கார்ந்தால் அன்றோடு சீட்டைக் கிழித்துவிடுவார். அதைக் கவனிப்பதற்கென்றே கூரையில் கேமரா வைத்து, வீட்டிலிருந்தபடி போனில் பார்க்கிறார். அவள் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றபடி அந்த வரியை முணுமுணுத்தாள்.

அந்த நேரம் பார்த்து மேற்பார்வைக்கார அம்மா வந்து நின்றார். கடைப் பெண்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மிளகாய்.

"கடைக்கு வந்தியா, கச்சேரிக்கு வந்தியா? போ, குடோன்ல போய் அரை மணி நேரம் துண்டுத் துணியெல்லாம் மடிச்சு வை. அப்பத்தான் புத்தி வரும்."

பெண் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தாள். டாக்டருக்கு ரத்தம் கொதித்தது. எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எங்கேயும் போக வேண்டாம்."

"பரவாயில்ல மேடம், நான் போறேன்."

"பயப்படாதேம்மா. நான் இருக்கேன்ல?"

அவள் மறுபடியும் போகிறேன் என்றாள். டாக்டர் கையை விடுவதாக இல்லை. ஒரு பாட்டு பாடியதற்குக் குடோனில் தள்ளுவீர்களா, இது கடையா ஜெயிலா என்று மிளகாயைப் பிடி பிடியென்று பிடித்தார். முதலாளி நம்பரைக் கொடுங்கள், அந்தக் குடோனை அவரே வந்து பார்க்கட்டும் என்றார்.

மிளகாயின் முகம் வெளுத்துவிட்டது. கேமராவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாம் மேடம். அவ இங்கேயே நிக்கட்டும்."

"அப்படி வாங்க வழிக்கு" என்றார் டாக்டர். அங்கேயே அந்தப் பாட்டை ஸ்டேட்டஸில் வைத்து, 'இன்று ஒரு ஏழைப் பெண்ணுக்காகக் குரல் கொடுத்தேன்' என்று எழுதினார். அந்த உற்சாகத்தில் இன்னும் ஓர் அலமாரித் துணியை இறக்கி விரிக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் முதலில் பார்த்ததையே எடுத்துக்கொண்டார். போகும்போது அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அதற்குள் சாயங்காலக் கூட்டம் வந்துவிட்டது. இனிக் கடை மூடும்வரை ஒருத்தியையும் நகர்த்த முடியாது.

மிளகாய் அவள் பக்கத்தில் வந்தார். கேமராவுக்காக முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். குடோனில் மட்டும்தான் கேமரா கிடையாது. அங்கே மிளகாய் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட ஸ்டூல் ஒன்று இருக்கிறது. தினமும் ஆளுக்கு ஒரு திட்டு, திட்டுக்கு அரை மணி நேரம்.

"இன்னிக்கு உன் முறை இப்படிப் போயிடுச்சு. பொறுத்துக்கோம்மா" என்றார் அவர். "நாளைக்கு முதல் திட்டு உனக்குத்தான்."