சுருங்காத இலை

தாவரவியல் பேராசிரியை பூரணியின் ஆய்வு தொட்டாற்சிணுங்கியைப் பற்றியது. ஒரே இலையில் நீர்ச்சொட்டு விழுந்துகொண்டே இருந்தால், முதலில் சுருங்கும் அது போகப்போக விரிந்தே நிற்கும். சுருங்கிய இலைக்கு வெயில் குறையும், வெயில் குறைந்தால் உணவும் குறையும். அதனால் கெடுதல் செய்யாத சொட்டைச் செடி பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது.

இந்த வருடம் முதலாண்டு வகுப்பில் நிறைமதி என்றொரு மாணவி சேர்ந்திருந்தாள். பூரணியின் இறந்துபோன மகளின் பெயரும் அதுவே என்பதால், வருகைப்பதிவு எடுக்கும்போது அவள் குரல் அங்கே நின்றுவிடும்.

"தினமும் சாப்பிடும்போது அந்தப் பேரை என் காதுல போடுங்க," என்று, மதியம் தன்னோடு சாப்பிடும், விலங்கியல் துறையில் ஓணான்களை ஆராயும் ஜெசிந்தாவிடம் பூரணி கேட்டுக்கொண்டாள்.

"எங்க ஓணானே தேவலாம் மேடம், இப்படியெல்லாம் கேக்காது," என்றாள் ஜெசிந்தா. ஆனாலும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் பூரணியின் கை சோற்றில் அசையாமல் நின்றது.

ஆடி முடிந்தபின் ஒரு மதியம், "நிறைமதி," என்றாள் ஜெசிந்தா.

பூரணி ரசச் சோற்றைப் பிசைந்தபடியே, "ஊறுகாய் இருக்கா?" என்றாள்.

"மேடம், இன்னிக்குக் கை நிக்கல."

பூரணி தன் கையைப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

ஜெசிந்தா சொன்னாள். கை அப்போதும் நிற்காமல் பிசைந்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, ஜெசிந்தா."